அமோனியா 25, ஹைட்ரஜன் சல்பைடு 10: ஆலைக் காற்றுக்குச் சட்டம் போட்ட வரம்பு

மணலி, எண்ணூர் ஆலைகளில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய எண்கள் இவை. போபால் விபத்துக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி 41-எஃப் பிரிவைச் சேர்த்தார்கள். வேலையிடத்துக் காற்றில் எந்த ரசாயனம் எவ்வளவு இருக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய புதிய சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதன்படி வரம்பை விதிக்க வேண்டியது மாநில அரசு.

அந்தப் பழைய அட்டவணைப்படி அமோனியாவுக்கு 25 பிபிஎம், அதாவது 10 லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் வரும் ஹைட்ரஜன் சல்பைடுக்கு 10. இரண்டுமே 8 மணி நேரச் சராசரி. சராசரியை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். காலையில் 4 மணி நேரம் அமோனியா 40, அப்புறம் 4 மணி நேரம் 5 என்றால் சராசரி 22.5தான். தாளில் எல்லாம் சரி, ஆனால் அந்தக் காலை முழுக்கத் தொண்டை எரிந்திருக்கும். அதனால்தான் அதே அட்டவணையில் 15 நிமிடத்துக்கென்று தனி வரம்பும் இருந்தது: அமோனியாவுக்கு 35, ஹைட்ரஜன் சல்பைடுக்கு 15. அந்த அளவையும் நாளைக்கு 4 முறைக்கு மேல் சுவாசிக்க விடக்கூடாது. நடுவில் 60 நிமிடமாவது இடைவெளி வேண்டும்.

கான்ட்ராக்ட் ஆட்கள் 12 மணி நேரம் நிற்கிறார்களே, அவர்களுக்கு? 25 பிபிஎம்மில் 12 மணி நேரம் நின்றால், 8 மணி நேரம் 37.5இல் நின்றதற்குச் சமம். அளவெடுக்கும்போது இதைக் கணக்கில் சேர்த்தார்களா என்று கேளுங்கள். கருவியை எங்கே வைத்தார்கள் என்பதையும் கேளுங்கள். ஆலை வாசலில் எடுத்த அளவு உதவாது. வேலை செய்கிறவரின் சட்டைக் காலரில், மூக்குக்குப் பக்கத்தில் எடுக்க வேண்டும். வாசனையை வைத்து முடிவு செய்வது ஆபத்து. ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம்மைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய், அழுகிய முட்டை நாற்றமே தெரியாது.

இந்த வரம்பு ஊருக்குப் பொருந்தாது. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது நினைவிருக்கும். குடியிருப்புக் காற்றில் அமோனியாவின் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம். ஆலைக்குள் உள்ள 25 பிபிஎம் அதே கணக்கில் சுமார் 18,000 மைக்ரோகிராம். 45 மடங்கு! கைக்குழந்தையும் கர்ப்பிணியும் நாள் முழுக்கச் சுவாசிக்கும் காற்றுக்கு ஆலைக் கணக்கைக் காட்ட யாரையும் விடாதீர்கள்.

அபாயகரமான வேலையில் இருப்பவர் தன் மருத்துவப் பதிவேட்டைப் பார்க்கலாம். உடனடி ஆபத்து என்று பட்டால் மேலாளரிடமும், அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். புகாரில் எந்த இடம், எந்த ஷிப்ட், எத்தனை மணி நேரம், உடம்புக்கு என்ன செய்தது என்பதை எழுதி, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.