தவணை முறையில் வரும் சர்ச்சை: அதிபர் வேட்பாளரை எது சாய்க்கிறது?

2016 அக்டோபர் 7, வெள்ளிக்கிழமை. வாஷிங்டனில் மாலை மூன்றரை மணி சுமாருக்கு அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் தேசிய உளவுத் துறை இயக்குநர் அலுவலகமும் கூட்டாக ஓர் அறிக்கை விட்டன. ஜனநாயகக் கட்சிக்காரர்களின் மின்னஞ்சல்களைத் திருடி வெளியிடுவது ரஷ்ய அரசின் வேலை என்றது அந்த அறிக்கை. வேறொரு நாளில் வந்திருந்தால் ஒரு வாரம் ஓடியிருக்க வேண்டிய செய்தி. நான்கு மணி தாண்டியதும், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் டொனால்ட் டிரம்ப் 2005-இல் பெண்களைப் பற்றி ஆபாசமாகப் பேசிய வீடியோவை வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. அடுத்த அரை மணி நேரத்தில், அவரை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹிலாரி கிளின்டனின் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் மின்னஞ்சல்களை விக்கிலீக்ஸ் வெளியிடத் தொடங்கியது. அன்றிரவு டிவியை ஆக்கிரமித்தது அந்த வீடியோதான். ரஷ்யா பற்றிய அறிக்கை அடிபட்டுப் போனது.

சர்ச்சை எவ்வளவு பெரியது என்பது ஒரு கணக்கு. வேட்பாளருக்கு அது எவ்வளவு சேதம் செய்யும் என்பது வேறு கணக்கு. அமெரிக்க அதிபர்கள் சிக்கிய ஊழல் சர்ச்சைகளை ஆராய்ந்த அரசியல் அறிஞர் பிரெண்டன் நைஹன் இரண்டு விஷயங்களைக் கவனித்தார். எதிர்க்கட்சி ஆதரவாளர்களிடம் அதிபரின் மதிப்பு எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ, அந்த அளவுக்குச் சர்ச்சை கிளம்பும் வாய்ப்பு கூடுகிறது. வேறு பெரிய செய்திகள் நிறைந்த வாரத்தில் அதே வாய்ப்பு குறைகிறது. குற்றத்தின் கனத்தோடு, அன்றைய தலைப்புச் செய்தியில் இடம் காலியாக இருந்ததா என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

இடம் பிடிப்பது முதல் கட்டம். இடத்தைத் தக்கவைத்துக்கொள்வது அதைவிடக் கடினம். நேற்றைய செய்தியை எந்த ஆசிரியரும் இன்று அப்படியே போட மாட்டார். புதிதாக ஏதாவது வேண்டும். ஓர் ஆவணம், ஒரு சாட்சி, ஒரு வாய்தா தேதி, குறைந்தபட்சம் ஒரு மறுப்பு அறிக்கை. டிரம்பின் வீடியோ ஒரே நாளில் முழுசாக வெளியானது. பெண்கள் சிலர் அடுத்தடுத்து புகார் சொன்னதால் இரண்டு வாரம் போல ஓடியது. பிறகு புதுத் தீனி இல்லாமல் வற்றியது. கிளின்டன் விவகாரம் அப்படி இல்லை. வெளியுறவு அமைச்சராக இருந்தபோது அவர் தனி சர்வரில் மின்னஞ்சல் வைத்திருந்த செய்தி 2015 மார்ச் 2 அன்று வந்தது. அந்த மின்னஞ்சல்களை மாதாமாதம் தொகுதி தொகுதியாக வெளியிடும்படி ஒரு கூட்டாட்சி நீதிபதி உத்தரவிட்டார். ஏறக்குறைய 30,000 மின்னஞ்சல்கள். 2016 பிப்ரவரி வரை ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நிருபர்களுக்குத் தோண்டப் புதிய மண் கிடைத்தது. நடுவில் 2015 அக்டோபரில் நாடாளுமன்றக் குழு முன்னால் 11 மணி நேர விசாரணை. 2016 ஜூலை 5 அன்று எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமியின் அறிவிப்பு: வழக்கு தேவையில்லை, ஆனால் கிளின்டன் தரப்பு மிகவும் அஜாக்கிரதையாக இருந்தது. பொடெஸ்டாவின் மின்னஞ்சல்களையும் விக்கிலீக்ஸ் ஒரே நாளில் கொட்டிவிடவில்லை. தேர்தல் வரை ஏறக்குறைய தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. தவணையின் அருமை தெரிந்தவர்கள் செய்த வேலை.

இப்படித் தவணையில் வருவது வாசகர் மனதில் என்ன செய்கிறது? 1968-இல் வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரில், யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யாத 100 பேரிடம் மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸும் டொனால்ட் ஷாவும் நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். கிடைத்த வரிசை, உள்ளூர் மக்கள் பார்த்த செய்தி ஊடகங்கள் தந்த முக்கியத்துவ வரிசையோடு கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்தியது. 1980-களின் தொடக்கத்தில் ஷாந்தோ ஐயங்காரும் டொனால்ட் கிண்டரும் இன்னொரு படி போனார்கள். ஒரு குழுவுக்கு ராணுவத்தின் பலவீனம் பற்றிய செய்திகளை நுழைத்த டிவி செய்தித் தொகுப்பைச் சில நாட்கள் தொடர்ந்து காட்டினார்கள். அதைப் பார்த்தவர்கள் அதிபர் கார்ட்டருக்கு மதிப்பெண் போடும்போது பாதுகாப்புத் துறையில் அவர் எப்படி என்பதற்கே அதிக எடை கொடுத்தார்கள். செய்தி யாருடைய கருத்தையும் நேரடியாகத் திருப்பியாக வேண்டியதில்லை. எந்த அளவுகோலை வைத்து ஆளை அளப்பது என்பதை மாற்றினாலே போதும்.

2016-இல் இது கண்ணெதிரே தெரிந்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரை கருத்துக்கணிப்பு நிறுவனமான கேலப் தினமும் மக்களிடம் கேட்டது: இந்த வேட்பாளரைப் பற்றிச் சமீபத்தில் என்ன படித்தீர்கள், என்ன கேட்டீர்கள்? கிளின்டன் விஷயத்தில் 'இமெயில்' என்ற ஒரே சொல் மற்ற எல்லாவற்றையும் விழுங்கியது. டிரம்ப் பற்றிச் சொன்னவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள், எதுவும் நிலைக்கவில்லை. பத்து சர்ச்சைகள் ஒன்றையொன்று தள்ளிவிடும். ஒரே சர்ச்சை பத்து முறை வந்தால் ஒட்டிக்கொள்ளும்.

கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தலில் நிலைமை வேறு. அங்கே ஒருவரைக் கைவிட்டு அடுத்தவருக்குப் போக வாக்காளர் கட்சி மாற வேண்டியதில்லை. அதனால் சாய்வது சுலபம். 1987 மே 3 அன்று ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் முன்னணியில் இருந்த கேரி ஹார்ட்டின் பெண் தொடர்பு பற்றி மயாமி ஹெரால்டு எழுதியது. மே 8 அன்று அவர் போட்டியிலிருந்து விலகினார். பொதுத் தேர்தலில் கட்சி விசுவாசம் கேடயம். வீடியோ வந்த மறுநாளே குடியரசுக் கட்சியின் மூத்த செனட்டர் ஜான் மெக்கெய்ன் டிரம்புக்குக் கொடுத்த ஆதரவைத் திரும்பப் பெற்றார். ஆனாலும் நவம்பரில் குடியரசுக் கட்சியினரில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு டிரம்புக்கே போட்டார்கள்.

காரணத்தையும் விளைவையும் குழப்பிக்கொள்வதற்கு, 2004-இல் ஜனநாயகக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் நின்ற ஹோவர்ட் டீன் நல்ல உதாரணம். 2004 ஜனவரி 19 இரவு அவர் போட்ட கூச்சல் அவரைக் கவிழ்த்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். அயோவா மாநில முதற்கட்டப் போட்டியில் 18 சதவீதத்தோடு மூன்றாவதாக வந்த பிறகு, துவண்ட தொண்டர்களை உற்சாகப்படுத்தப் போட்ட கூச்சல் அது. கையில் இருந்த மைக் சுற்றுச் சத்தத்தை வடிகட்டும் வகை. டிவிக்குப் போன ஒலி அந்த மைக்கிலிருந்து வந்தது. அரங்கில் கூட்டத்தின் இரைச்சலில் அவர் குரல் சரியாகக் கேட்கவே இல்லை. டிவியில் அமைதியான அறையில் ஒருவர் தனியாகக் கத்துவது போல ஒலித்தது. நான்கு நாட்களில் 600 முறைக்கு மேல் ஒளிபரப்பினார்கள். தோல்வி முன்பே வந்துவிட்டது. கூச்சல் அதன் மேல் போட்ட முத்திரை.

இனி 2016 தேர்தலுக்கு முந்தைய அந்தக் கடைசி பதினொரு நாட்கள். அக்டோபர் 28 அன்று, தொடர்பில்லாத வேறொரு வழக்கில் கைப்பற்றிய லேப்டாப்பில் கிளின்டன் தொடர்பான மின்னஞ்சல்கள் இருப்பதாகக் கோமி நாடாளுமன்றத்துக்கு எழுதினார். நவம்பர் 6 அன்று, புதிதாக ஒன்றுமில்லை என்று இன்னொரு கடிதம். வாக்குப்பதிவு 8-ஆம் தேதி. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தை எண்ணிப் பார்த்த டங்கன் வாட்ஸும் டேவிட் ரோத்ஸ்சைல்டும் சொன்ன கணக்கு இது: தேர்தலுக்கு முந்தைய 69 நாட்களில் எல்லாக் கொள்கைப் பிரச்சினைகளுக்கும் சேர்த்து எத்தனை முதல் பக்கச் செய்திகளோ, அத்தனை செய்திகள் மின்னஞ்சலுக்கு மட்டும் ஆறே நாட்களில் வந்தன.

நேரம் இங்கே வெறும் நாள்காட்டி விஷயம் இல்லை. தபால் மூலமோ முன்கூட்டியோ ஓட்டுப் போட்டுவிட்டவரை எந்தக் கடிதமும் தொட முடியாது. மிச்சிகனிலும் பென்சில்வேனியாவிலும் அப்போது தகுந்த காரணம் காட்டாமல் முன்கூட்டி வாக்களிக்க முடியாது. ஆகவே பெரும்பாலானோர் கடிதத்துக்குப் பிறகே வாக்களித்தார்கள். டிரம்ப் மிச்சிகனில் 10,704, விஸ்கான்சினில் 22,748, பென்சில்வேனியாவில் 44,292 வாக்குகள் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அப்படியானால் கடிதம்தான் தோற்கடித்ததா? தேர்தல் கணிப்புத் தளமான ஃபைவ்தர்ட்டிஎய்ட்டின் கருத்துக்கணிப்புச் சராசரியில் கிளின்டனின் முன்னிலை ஒரே வாரத்தில் 5.9 புள்ளியிலிருந்து 2.9-க்கு இறங்கியது. அந்தத் தளத்தை நிறுவிய நேட் சில்வர் கடிதத்தைக் குற்றம் சாட்டினார். கருத்துக்கணிப்பாளர்கள் சங்கம் பின்னர் நடத்திய ஆய்வோ, சரிவு கடிதத்துக்கு முன்பே, அக்டோபர் 24, 25 வாக்கில் தொடங்கியிருக்கலாம் என்றது. எங்கள் பார்வையில், இவ்வளவு மெல்லிய வித்தியாசத்தில் எந்த ஒரு காரணத்தையும் தனியாகப் பிரித்தெடுத்துப் பழி போட முடியாது.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. தொலைபேசிக் கருத்துக்கணிப்பில் 2016 வாக்கில் நூறு பேரை அழைத்தால் ஒன்பது பேர்தான் பதில் சொன்னார்கள். வாக்காளர்கள் சரிபாதியாகப் பிரிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தன் வேட்பாளர் அசிங்கப்பட்ட வாரத்தில் ஒரு கட்சிக்காரர்கள் போனை எடுக்கவே அலுத்துக்கொண்டு, 9-க்குப் பதில் 8 சதவீதம் பேரே பேசுகிறார்கள். கணிப்பு 53-க்கு 47 என்று காட்டும். ஆறு புள்ளி இடைவெளி. மனம் மாறியவர் ஒருவர்கூட இல்லை. 2012-இல் ஒபாமா முதல் விவாதத்தில் சொதப்பியபோது அவரை எதிர்த்து நின்ற ராம்னிக்குக் கிடைத்த 'எழுச்சி' பெரும்பாலும் இந்த வகைதான் என்று, எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுத் தளத்தில் லட்சக்கணக்கானோரிடம் எடுத்த கணிப்பை வைத்து ஆண்ட்ரூ கெல்மன் குழு காட்டியது. கட்சிச் சார்பையும் முந்தைய வாக்கையும் வைத்துச் சரிக்கட்டியதும் ஏற்ற இறக்கம் பெருமளவு அடங்கிப்போனது.

ஆகவே சர்ச்சை வெடித்த மூன்றாம் நாள் வரும் புது எண்ணைவிட, முன்பே பேசியவர்களிடம் மறுபடி கேட்டு எடுத்த எண் நம்பகமானது. 2024 மே 30 அன்று நியூயார்க் நீதிமன்றம் 34 குற்றச்சாட்டுகளில் டிரம்பைக் குற்றவாளி என்றது. நியூயார்க் டைம்ஸும் சியனா கல்லூரியும் ஏற்கெனவே பேட்டி கண்ட கிட்டத்தட்ட 2,000 பேரை மறுபடி அழைத்தன. அவர்களிடையே டிரம்பின் முன்னிலை மூன்று புள்ளியிலிருந்து ஒன்றாகக் குறைந்திருந்தது. நவம்பரில் அவர் ஜெயித்தார்.