கம்பனி வந்தால் குப்பை தீர்ந்துவிடுமா?

"சேர், கம்பனிக்காரர் போனை எடுக்கிறார்களில்லை." கிழக்கின் உள்ளூராட்சி சபைகளில் இருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். இந்த மாதம் இன்னொன்று. கதையும் வழமையானதுதான். சபை சேர்க்கும் குப்பையைக் கம்பனி எடுத்து மீள்சுழற்சி செய்வதாக ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம், நாடா வெட்டல், முகநூலில் படம், போத்தலை நசுக்கிக் கட்டும் ஒரு மெஷின். மாரி தொடங்கியதும் லொறி வருவது நின்றது. முற்றம் நிறைய ஈரச் சாக்குகள். சபை கம்பனியைத் திட்டுகிறது, கம்பனி சபையைத் திட்டுகிறது. அரசும் தனியாரும் சேர்ந்தால் இதுதான் நடக்கும் என்று சனம் முடிவு கட்டிவிடுகிறது.

கழிவு முகாமைத்துவம்தான் என் தொழில். இந்த ஒப்பந்தங்களை வாசித்து ஆலோசனை சொல்வது அதில் ஒரு பங்கு. அதனால் ஒன்றைச் சொல்கிறேன், தவிசாளர்மார் கோபிக்க வேண்டாம். குப்பையை யாரும் வாங்குவதில்லை.

சுத்தமான பெட் (PET) போத்தலை, அதாவது தண்ணீரும் சோடாவும் வரும் பிளாஸ்டிக் போத்தலை, வாங்குவார்கள். காய்ந்த காட்போட்டை, தகரத்தை, கண்ணாடியை வாங்குவார்கள். இவையெல்லாம் நேற்றைய மீன்குழம்போடும் பாம்பஸோடும் ஒரே சொப்பிங் பையில் வந்தால், அதற்குக் காசு கொடுக்க ஆளில்லை. நம் நாட்டு வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கும் கழிவு. அதன் ஈரம் மற்றதையெல்லாம் கெடுத்துவிடும். "மெஷின் பிரிக்கும்தானே?" என்று கேட்பார்கள். பிரிக்காது. குழம்பில் ஊறிய கடதாசியைக் கடதாசியாகத் திருப்பித் தரும் மெஷினை எந்தக் கம்பனியும் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப் போவதில்லை. "அப்போ எரித்து மின்சாரம் எடுக்கலாமே?" அதுவும் கேட்பார்கள். ஈரக் குப்பையை எரிக்க, முதலில் அந்த ஈரத்தை ஆவியாக்கவே சூடு போய்விடும். பிரிப்பது வீட்டில் நடக்கவேண்டும், குசினியில் நடக்கவேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு மூலப்பொருளாகும் சுழற்சிப் பொருளாதாரம் அம்பாறை மாவட்டத்துக்குப் புதிதா என்ன? நெல் ஆலைகளின் உமியைப் பாருங்கள். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. செங்கல் சூளைக்குப் போகிறது, கோழிக்கூட்டுக்குப் போகிறது, நெல் அவிக்கிற அடுப்புக்கே திரும்பவும் போகிறது. எந்த அமைச்சரும் வந்து நாடா வெட்டவில்லை. உமி காய்ந்து, வேறெதுவும் கலக்காமல், ஒரே இடத்தில் குவிகிறது, அவ்வளவுதான் காரணம். நம் வீட்டுப் போத்தலும் அப்படி வந்தால் வாங்குகிறவர் தானாகத் தேடி வருவார்.

அப்புறம் தூரம். பெட் போத்தலில் இருந்து நூல் இழுக்கும் தொழிற்சாலை ஹொரணையில் இருக்கிறது. எதற்குமே உதவாத பிளாஸ்டிக்கை எரிபொருளாக எடுக்கும் சீமெந்துச் சூளை புத்தளத்தில். மட்டக்களப்பில் இருந்து கொழும்புப் பக்கம் போவதென்றாலே 300 கிலோமீட்டருக்கு மேல். நசுக்காத போத்தலை ஏற்றினால் லொறி சுமப்பது முக்கால்வாசி காற்று. நசுக்கிக் கட்டினாலும், ஒரு சிறிய பிரதேச சபை தனியாக ஒரு லொறியை நிரப்ப எத்தனை வாரம் காத்திருக்கவேண்டும்? காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கரையோரம் முழுக்கச் சபைகள் ஒட்டி ஒட்டித்தான் இருக்கின்றன. ஒரு பொதுக் களஞ்சியம், ஒரு நிறுவை, ஒரே விலைப்பேச்சு என்று வந்தால்தான் கம்பனிக்கும் கட்டும், நமக்கும் பேரம் பேச வாய் இருக்கும்.

ஆனால் இங்கே சபைகள் ஒன்றுசேர்வது கொட்டுவதற்கு மட்டும்தான். அம்பாறை மாவட்டத்துக் குப்பைமேடு பள்ளக்காட்டைத் தெரியும்தானே? சுற்றியுள்ள சபைகளின் குப்பை அங்கே போகிறது, யானைகளும் போகின்றன. 2022 ஜனவரியில் இரண்டு யானைகள் இறந்து கிடந்தபோது, 8 வருடத்தில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக் தின்று செத்ததாகச் செய்தி வந்தது. மின்வேலி போட்டிருந்தார்கள். அது 2014இல் மின்னல் தாக்கிப் பழுதானது, அந்த யானைகள் செத்தபோதும் திருத்தப்படாமலே கிடந்தது. எந்தத் திட்டத்திலும் திறப்பு விழாவுக்குக் காசு இருக்கும், பராமரிப்புக்கு இருக்காது.

ஒப்பந்தம் கையில் வந்தால் நான் முதலில் தேடுவது விலையை அல்ல, மிகுதியை. விற்கமுடியாத மிச்சத்தை யார் எடுப்பது, எங்கே கொண்டுபோவது, செலவு யாருடையது? இந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டப்படி, சபை சேகரித்த குப்பை சபையின் சொத்து. விற்கும் உரிமையும் உங்களுக்கு, மிஞ்சியதன் தலையிடியும் உங்களுக்கு. எண்ணெய் விலை இறங்கினால் புதிய பிளாஸ்டிக் மலிந்து பழையதை யாரும் சீண்டமாட்டார்கள், அதனால் குறைந்தபட்ச விலை ஒன்றைப் பேசி எழுதுங்கள். கூரை இல்லாத முற்றத்தில் திட்டத்தைத் தொடங்காதீர்கள். நவம்பரில் இங்கே மழை பெய்யும் என்பது கொழும்புக் கம்பனிக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குமா தெரியாது? இன்னொன்று, பழைய இரும்பும் போத்தலும் வாங்க வீதி வீதியாகத் திரியும் வியாபாரிகளை வெளியே தள்ளி, கம்பனிக்கு ஏகபோகம் எழுதிக் கொடுக்காதீர்கள். பல வருடமாக அரசின் ஒரு சதமும் வாங்காமல் இந்த வேலையைச் செய்கிறவர்கள் அவர்கள்தான்.

வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் சொல்லவேண்டும். இரண்டு வாளி வையுங்கள், உக்குவதற்கு ஒன்று, உக்காததற்கு ஒன்று. யோகட் கோப்பையை ஒருதரம் அலசினால் போதும், சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லவில்லை. பொலித்தீனை வளவில் கொளுத்தாதீர்கள், அந்தப் புகையை முதலில் குடிப்பது உங்கள் பிள்ளை. சோற்றுப் பார்சல் சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கு 2017இல் தடை வந்தது, இன்னும் கலியாண வீட்டுக் குப்பையில் அது என்ன செய்கிறது? கடைக்காரர்களே, காட்போட் பெட்டியை வாசலில் நனையவிடாமல் உள்ளே வையுங்கள். நனைந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

பாம்பஸ் பற்றிக் கெஞ்சியே கேட்கிறேன். அதை வாங்கும் வியாபாரியை நான் இன்னும் காணவில்லை. தனியாகச் சுற்றி மிகுதிக் குப்பையோடு கொடுங்கள். போத்தல் சாக்குக்குள் ஒளித்து அனுப்பாதீர்கள். சபை முற்றத்தில் தரம் பிரிக்கிற பெண்கள் அதைக் கையால்தான் வெளியே எடுக்கிறார்கள், பல இடங்களில் கையுறைகூட இல்லாமல்.