அரிசி டப்பாவில் வண்டு எங்கிருந்து வருகிறது?

மூடியை இறுக்கித்தான் வைத்தோம். ஆனாலும் ஒரு மாதம் கழித்துத் திறந்தால் அரிசியில் வண்டு ஓடுகிறது. மூடி சரியில்லை என்று பலரும் புது டப்பா வாங்குகிறார்கள். பெரும்பாலும் கோளாறு மூடியில் இல்லை. வண்டு அரிசியோடேயே வீட்டுக்குள் வந்துவிட்டது, கண்ணுக்குத் தெரியாத முட்டையாக.

அரிசிக் கூன்வண்டில் பெண், தன் நீண்ட மூக்கால் மணியில் சிறு குழி தோண்டும். அதில் ஒரு முட்டையை இட்டு, பசை போன்ற சுரப்பால் வாயை அடைத்துவிடும். வெளியே பார்த்தால் மணி முழுசாகத்தான் இருக்கும். புழு உள்ளேயே பொரிந்து, உள்ளேயே தின்று, கூட்டுப்புழுவாகி, கடைசியில் வண்டாக ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம், சில சமயம் சற்றுக் கூடுதலாக ஆகும். 15 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும்.

இந்த ஒரு மாதக் கணக்குதான் முக்கியம். நாலு பேர் உள்ள வீட்டில் 25 கிலோ மூட்டை இரண்டு மூன்று மாதம் வருமென்றால், முதல் தலைமுறை வண்டு வெளியே வந்து அடுத்த தலைமுறைக்கு முட்டையிட நாம் தாராளமாக நாள் கொடுக்கிறோம். ஒரு மாதத்துக்கு ஆவதை மட்டும் வாங்குங்கள். பரணில் மூட்டை அடுக்கும் வேலையும் அதோடு போகும். 1 லிட்டர் கொள்ளளவில் சுமார் 800 கிராம் அரிசி பிடிக்கும். 5 கிலோவுக்கு ஆறரை லிட்டர் டப்பா போதும்.

பயறு வண்டின் வழி வேறு. அது முட்டையைப் பயறின் மேல்தோலிலேயே ஒட்டிவிடும். பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை வாங்கும்போது ஒரு கைப்பிடியை வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிமுனையளவு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டைதான். ஒரு கிலோ முழுப்பயறுக்கு 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டுப் பிசறி வைத்தால், அந்த மெல்லிய படலம் முட்டைக்குள் காற்றுப் போவதைத் தடுக்கும், புது முட்டை ஒட்டுவதையும் கடினமாக்கும். எண்ணெய் கூடினால் நாளடைவில் காறல் வாடை வரும், அளவோடு விடுங்கள். தோல் நீக்கி உடைத்த பருப்பில் இந்த வண்டு சரியாக வளராது.

ரவை, மைதா, கோதுமை மாவில் வருவது சிவப்பு மாவு வண்டு. முழுமணியைத் துளைக்க அதற்குத் திறன் போதாது; மாவும் உடைசலும்தான் அதன் தீனி. அதனால்தான் அரிசியைக் கொட்டிவைக்கும் முன் புடைத்துக் குருணையையும் தவிட்டுத் தூசியையும் நீக்கச் சொல்வது. ரவையை வாங்கிய அன்றே வாணலியில் கை பொறுக்காத சூடு வரும்வரை வறுத்து, முழுக்க ஆறவிட்டு அடைத்தால் முட்டை மிஞ்சாது. சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் நீராகி மாவைக் கட்டிதட்ட வைக்கும்.

அரிசிக்குள் இருக்கும் முட்டையைக் கொல்ல வீட்டில் நம்பகமான வழி ஃப்ரீசர். மைனஸ் 18 டிகிரியில் நாலு நாள். ஒரு கிலோ பொட்டலங்களாகப் பிரித்து வையுங்கள், பெரிய மூட்டையின் நடுப்பகுதி குளிர நெடுநேரம் ஆகும். வெளியே எடுத்ததும் பிரிக்கக்கூடாது. அறையின் சூட்டுக்கு வரும்வரை அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் குளிர்ந்த அரிசிமேல் படியும். அரிசியைச் சுள்ளென்ற வெயிலில் காயவைக்க வேண்டாம்: மணியில் விரிசல் விழும், வடிக்கும்போது உடையும், அந்த உடைசலுக்கு மாவு வண்டு வரும்.

வேப்பிலை போடுபவர்கள் நிழலில் சருகாக உலர்த்திப் போட வேண்டும். பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவந்து பூஞ்சைக்கு வழிவிடும். சருகின் வாடை வெளி வண்டை ஓரளவு விலக்கலாம். மணிக்குள் தின்றுகொண்டிருக்கும் புழுவை அது ஒன்றும் செய்யாது.

அப்படியானால் இறுக்கமான மூடி எதற்கு? ஈரத்தையும், பக்கத்து டப்பாவிலிருந்து வரும் வண்டையும் தடுக்க. சோதிப்பது எளிது. காலி டப்பாவை மூடி, மூடிப் பக்கம் மேலே இருக்கும்படி வாளித் தண்ணீரில் முழுக அமுக்குங்கள். குமிழி வந்தால் காற்று போகிறது, அதில் பருப்பு வைக்காமல் வேறெதற்காவது எடுத்துக்கொள்ளலாம். தினமும் திறக்க அரைக் கிலோ டப்பா ஒன்றைக் கைக்கெட்டும் தட்டில் வைத்து, பெரிய டப்பாவை வாரம் ஒருமுறை மட்டும் திறந்தால் உள்ளே போகும் ஈரம் வெகுவாகக் குறையும். அடுப்புக்குப் பக்கமும் ஃப்ரிட்ஜின் மேலும் இடம் காலியாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் சூடு வண்டை வேகமாக வளர்க்கும்.

பழைய அரிசியின்மேல் புதியதைக் கொட்டுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. அடியில் தங்கிய ஒரு பிடி பழசிலிருந்து வண்டு புதுசுக்கு ஏறிவிடும். பழசைத் தனியே எடுத்து முதலில் சமைத்துத் தீர்த்துவிடுங்கள். டப்பாவைக் கழுவி, மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி அதன் பள்ளத்தில் ஒட்டிய மாவைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுத்து, ஒரு பகல் முழுதும் வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகே புதியதைக் கொட்டுங்கள்.