ரீஃபார்மட் பண்ணச் சொல்லும் முன் அந்தத் தம்ப் டிரைவைத் திறந்து பாருங்கள்

"எல்லாத்தையும் தம்ப் டிரைவ்ல போட்டாச்சு தம்பி, நீங்க ரீஃபார்மட் பண்ணுங்க" என்றார் சிங்கப்பூர் யீஷூனிலிருந்து வந்த டியூஷன் ஆசிரியை அக்கா. நானும் சரியென்று விண்டோஸ் 10-ஐ அழித்துவிட்டு 11-ஐப் போட்டேன். 2025 அக்டோபர் 14-ஓடு 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், இந்த வேலைதான் இப்போது அதிகம் வருகிறது.

ஃபைல்களைத் திரும்ப ஏற்றி ஒரு கேள்வித்தாளைத் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் தலையில் கொம்பும் தொப்பியும் முளைத்த ஆங்கில எழுத்துகள். அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஃபைல் ஒன்றும் கெடவில்லை, இப்போது எல்லாரும் பயன்படுத்தும் யூனிகோட் என்ற பொது எழுத்துக் குறியீடு பரவுவதற்கு முன்னால், டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் தட்டியவை அவை, அதற்குரிய எழுத்துரு கணினியில் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். அந்த எழுத்துருவோ சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருந்தது, அதைத்தான் நான் துடைத்துவிட்டேன். தூக்கிப் போடாமல் வைத்திருந்த இன்னொரு பழைய லேப்டாப்பில் அது கிடைத்ததால் தப்பித்தேன். கேட்காமல் கை வைத்தது என் தப்பு. 1997-லேயே தமிழ்க் கணினிக்கு மாநாடு நடத்திய ஊர் இது, இப்படிப்பட்ட ஃபைல்கள் எத்தனை வீட்டில் கிடக்கின்றனவோ!

அதிலிருந்து "என்ன காப்பி பண்ணீங்க" என்று கேட்பதோடு விடுவதில்லை. டாக்குமெண்ட்ஸ், படங்கள் எல்லாம் எப்படியும் ஞாபகத்துக்கு வந்துவிடும். கண்ணில் படாதவைதான் போகும்: பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், ஸ்டிக்கி நோட்ஸில் எழுதிய குறிப்புகள், ஆப்டேட்டா என்று மறைந்து கிடக்கும் ஃபோல்டரில் மென்பொருள்கள் போட்டு வைப்பவை. கடைக் கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதிலேயே உள்ள பேக்கப் வசதியில் எடுங்கள், ஃபோல்டரை இழுத்துப் போட்டால் போதும் என்று நம்பாதீர்கள்.

டெஸ்க்டாப் இன்னொரு பொறி. ஒரு அண்ணன் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் என்று ஒரு ஐகானைத் தம்ப் டிரைவில் போட்டுக் கொண்டு வந்தார். ரைட் கிளிக் செய்து அளவைப் பார்த்தால் 2 கேபி. அது வெறும் ஷார்ட்கட், படங்கள் டி டிரைவில் பத்திரமாக இருந்தன. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் வைத்திருப்பவர்கள் ஃபைலுக்குப் பக்கத்தில் நீல மேகம் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் அது உங்கள் கணினியில் இல்லை, இணையத்தில்தான் இருக்கிறது. இடம் பத்தவில்லை என்று கணினியில் உள்ள ஒன்டிரைவ் ஃபோல்டரிலிருந்து அழித்தால் இணையத்திலும் அழிந்துவிடும்.

ரீஃபார்மட் பண்ணினாலும் மென்பொருள் போட்டு மீட்டுவிடலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஓரளவு முடியும். சுழலும் பாகமில்லாத புது வகை டிரைவான எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை டிரைவே தானாகச் சுத்தம் செய்துவிடும், அதற்கப்புறம் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை.

லேப்டாப்பே கிளம்பவில்லை, டிரைவைக் கழற்றித்தான் ஃபைல் எடுக்க வேண்டும் என்றால், டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் குறுக்கே நிற்கலாம். பல புது லேப்டாப்களில் அது தானாகவே போடப்பட்டிருக்கும், 48 இலக்க மீட்புக் குறியீடு இல்லாமல் திறக்காது. பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், ஆனால் வாங்கிய அன்று மகன் தன் கணக்கைப் போட்டுத் திறந்தானா, நீங்களா என்பது யாருக்கும் ஞாபகமிருக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போதே தேடி ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இப்போதெல்லாம் தம்ப் டிரைவை என் மேசைக் கணினியில் செருகி, நீங்களே மூன்று ஃபைல் திறந்து காட்டினால்தான் வேலையைத் தொடங்குவேன். கொஞ்சம் செலவு செய்ய முடியுமென்றால் அழிக்கவே வேண்டாம், புது எஸ்எஸ்டி போட்டுப் பழையதைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு ஆறு மாதம் அலமாரியில் வையுங்கள்.