எலும்புக் கவசத்துக்கு வெள்ளையடிக்காதீர்கள்

போன வாரமும் ஒரு பெட்டி வந்தது. திறந்தால் டிஷ்யூ பேப்பரில் சுற்றிய ஐந்து டெர்மினேட்டர்கள், கனத்த கவசம் போட்ட குட்டிப் போர்வீரர் பொம்மைகள். பெயின்ட் அடித்த பொம்மைகளை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டான வார்ஹம்மர் 40,000 ஆடுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதில் வரும் டார்க் ஏஞ்சல்ஸ் படையின் முதல் கம்பெனியான டெத்விங், எலும்பு நிறக் கவசக்காரர்கள். ஐவரின் தோள் தகட்டிலும் டீ கிளாஸை வைத்து எடுத்ததுபோல் ஒரு பழுப்பு வட்டம். வார்னிஷ் காயுமுன்பே சுற்றிவிட்டதால் டிஷ்யூ நார் வேறு அங்கங்கே ஒட்டிக்கிடக்கிறது. கூடவே ஒரு சீட்டு: "அண்ணா, லேசா டச்-அப் மட்டும் பண்ணிக் குடுத்தா போதும்."

டச்-அப்பில் தீராது தம்பி. உரித்துவிட்டு முதலிலிருந்துதான்.

இந்த மாதம் இது மூன்றாவது பெட்டி. மூன்றிலும் ஒரே கதை. எலும்பு என்றால் வெள்ளை என்று முடிவுகட்டி, வெள்ளை பிரைமருக்கு மேல் வெள்ளையே பூசியிருக்கிறார்கள். அது புதுசாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றதும் பயம் வந்துவிட்டது. உடனே அழுக்காக்குகிறேன் பேர்வழி என்று அக்ராக்ஸ் எர்த்ஷேடை, அதாவது பள்ளங்களில் நிழல் விழவைக்கும் நீர்த்த பழுப்பு வாஷை, தலையோடு கால் ஊற்றிவிட்டார்கள்.

எலும்பு வெள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை தட்டில் விழும் நல்லி எலும்பைக் குழம்பைக் கழுவிவிட்டுப் பாருங்கள். மூட்டுப் பக்கம் மஞ்சள், துளைகள் இருக்கும் இடத்தில் பழுப்பு, வெட்டுவாயின் விளிம்பில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. மியூசியத்து எலும்புக்கூடு பளிச்சென்று இருக்கிறதே என்பீர்கள். அது கொழுப்பை எடுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்கவைத்தது. அதையே ஒரு வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தால் சந்தன நிறத்தில் தெரியும். அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும், கண்ணாடி முன் நின்று உங்கள் பல்லுக்குப் பக்கத்தில் அதே தாளைப் பிடித்துப் பாருங்கள்.

"பெட்டிப் படத்துல வெள்ளையாத்தானே இருக்கு?" என்று கேட்காதவர் இல்லை. ஒரு தாளில் பட்டாணி அளவு ஓட்டை போட்டு அந்தப் படத்தின் தோள் தகட்டின் மேல் வையுங்கள். ஓட்டைக்குள் தெரிவது மணல் நிறம். தாளை எடுங்கள், மறுபடி வெள்ளை! பக்கத்தில் இருக்கும் அடர் நிறங்கள் கண்ணை ஏமாற்றுகின்றன. அந்த ஏமாற்றுதான் நம் பிழைப்பே. அடியிலேயே வெள்ளையைப் பூசிவிட்டால், வெளிச்சம் படும் விளிம்புக்கு எதைப் பூசுவீர்கள்? மேலே ஏற இடமே இல்லை.

ஆகவே கீழிருந்து ஏறுங்கள். சிட்டாடல் பெயின்ட் என்றால் முதலில் சாண்ட்ரி டஸ்ட், நீர்க்க இரண்டு கோட். பள்ளங்களை விட்டுவிட்டு உஷப்தி போன். மேல்நோக்கிய பகுதிகளில் ஸ்க்ரீமிங் ஸ்கல். வெள்ளையைக் கலப்பதானால் கடைசி விளிம்புக் கோட்டில், அதுவும் கண்டும் காணாமலும். வயேஹோ பெயின்ட் வைத்திருப்பவர்களுக்கு இராக்கி சாண்டும் ஐவரியும் இதே வேலையைச் செய்யும். இன்னமும் பழைய பிளீச்டு போன் புட்டியைத் தேடி அலையும் அண்ணன்மாரே, அது 2012-ல் வரிசை மாறியபோதே போய்விட்டது. உஷப்தி போனோடு சமாதானமாகிவிடுங்கள்.

இனி அந்த டீ வட்டம். தேங்கிய வாஷின் ஓரம் முதலில் காய்கிறது. நடுவில் இருக்கும் நீர் ஓரத்தை நோக்கி ஓடும்போது நிறமியையும் இழுத்துக்கொண்டு போகிறது. விலா எலும்பு, மடிப்பு, சுருக்கம் இருந்தால் நிறமி ஒளிய இடமுண்டு. டெர்மினேட்டரின் தோள் முட்டை ஓடு மாதிரி வழவழப்பு, எங்கே ஒளியும்? சிறு பிரஷால் தகடுகள் சேரும் கோட்டுக்குள் மட்டும் செராஃபிம் செபியா வாஷை விடுங்கள். வழிந்ததை ஈரமாக இருக்கும்போதே துடையுங்கள். பிறகு அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். பாதி காய்ந்ததைச் சரிசெய்யப் போகிறவர்களால்தான் எனக்குப் பாதி வருமானம். 2022-ல் ஷேடு எனும் இந்த வாஷ்களின் கலவையை மாற்றியபின் கறை குறைந்திருக்கிறது, வாஸ்தவம்தான். அது ஊற்றுவதற்கு லைசென்ஸ் இல்லை. ஒரே கோட்டில் நிறமும் நிழலும் தரும் ஸ்கெலிட்டன் ஹோர்டு கான்ட்ராஸ்ட் பெயின்டும் அப்படித்தான்: எலும்புக்கூட்டுக்கு அருமை, வழவழத் தகட்டில் திட்டுத் திட்டாக நிற்கும்.

அதே விளையாட்டில் வரும் வேற்றுக்கிரக ஜந்துக்களான டிரானிட்களின் ஓடு வேறு ஜாதி. அங்கே தகட்டின் நடுவிலிருந்து விளிம்புக்கு மெல்லிய கோடுகளாக இழுக்கவேண்டும். பிரஷ் எழும்பும் இடத்தில்தான் பெயின்ட் அதிகம் தங்கும் என்பதால், எப்போதும் விளிம்பை நோக்கியே இழுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் நிறம் ஒரு படி வெளுக்கவேண்டும், கோடு ஒரு படி குட்டையாகவேண்டும். இருபது கோட்டுக்குமேல் கை தானாகப் பழகிவிடும்.

மற்றபடி, மழை நாளில் ஸ்பிரே பிரைமரைத் தொடாதீர்கள். மணல் தூவியதுபோல் சொரசொரக்கும். வீட்டுக்குள் அடிக்கவே அடிக்காதீர்கள். ரெசினைத் தேய்ப்பதானால் மாஸ்க் போட்டு, ஈர உப்புத்தாளில் தேயுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பிரஷ் முனையை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நானும் பத்து வருஷம் அதைச் செய்தவன்தான், அதனால் திட்டவில்லை, கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு அனுப்புகிறவர்கள் பிளாஸ்டிக்கா ரெசினா என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பிளாஸ்டிக் தாங்கும், ரெசின் சிலது இளகிவிடும். வார்னிஷ் அடித்தபின் ஒரு முழு நாள் காயவிட்டுப் பெட்டியில் வையுங்கள். டிஷ்யூ வேண்டாம், ஸ்பாஞ்சு போதும்.

அந்த ஐவரும் இப்போது மூடி போட்ட டப்பாவில் ஊறிக்கொண்டிருக்கிறார்கள். நாளைக் காலை டூத்பிரஷ்.