"நம்பிக்கை இருக்கா டாக்டர்?"

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்து நான் வெளியே வந்தால் முதலில் காதில் விழும் கேள்வி இதுதான். "பிழைப்பாரா?" என்று நேராகக் கேட்க யாருக்கும் வாய் வராது. கடவுள்மேல் வைப்பதும் நம்பிக்கை, மருத்துவர்மேல் வைப்பதும் நம்பிக்கை, நாளைக்குக் கண் திறந்துவிடுவார் என்று நினைப்பதும் நம்பிக்கைதான். எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே சொல். அது சரியாகத்தான் அமைந்திருக்கிறது என்று இத்தனை வருட வேலைக்குப் பிறகு எனக்குத் தோன்றுகிறது.

ஓர் அம்மாவை செப்சிஸோடு கொண்டுவந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடல், தன் உறுப்புகளையே பாழாக்கத் தொடங்கும் நிலை அது. ரத்த அழுத்தம் மருந்தின் தயவில்தான் நின்றது. மூச்சு வென்டிலேட்டரில். "ரெண்டு நிமிஷம் பக்கத்துல நின்னு வேண்டிக்கலாமா டாக்டர்?" என்று அவர் கணவர் கேட்டார். கைகளில் எல்லாம் குழாய்கள், அதனால் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். உதடுகள் மட்டும் அசைந்தன. கொஞ்ச நேரத்தில் கவனித்தேன்: இயந்திரம் ஒரு மூச்சைத் தள்ளும்போது அவர் ஒரு வரியைச் சொல்லி முடிக்கிறார்.

அந்த வேண்டுதல் ரத்த அழுத்தத்தை ஏற்றியது என்று நான் சொல்லமாட்டேன். ஆன்டிபயாடிக் வேலை செய்து, மூன்றாம் நாள்தான் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்த மருந்தின் அளவைக் குறைக்க முடிந்தது. ஆனால் முதல் நாள் நாங்கள் சொன்ன எதையும் காதில் வாங்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர், அந்த இரண்டு நிமிடங்களுக்குப் பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இப்ப சொல்லுங்க" என்றார். டயாலிசிஸ் எதற்கு என்று கேட்டுப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். மோசமான செய்தியைத் தாங்கிக்கொண்டு முடிவெடுக்கும் தெம்பை எந்த ஊசியாலும் என்னால் ஏற்ற முடியாது.

அந்த வென்டிலேட்டர் சிகிச்சை தொடங்கிய கதையையும் சொல்ல வேண்டும். 1952ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத்தசை செயலிழந்து வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். ப்யோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டு, குழாய் வழியாகப் பையை அமுக்கிக் கையாலேயே மூச்சு கொடுக்கலாம் என்றார். சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாக, வாரக்கணக்கில் பையை அமுக்கினார்கள். சில மாதங்களில் இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. தன் கையை நம்பிக் கிடக்கும் குழந்தைக்குத் தசை திரும்ப வேலை செய்யுமா என்று அமுக்கிக்கொண்டிருந்த மாணவனுக்குத் தெரியாது. தெரியாமலேதான் அமுக்கினான். அதை அறிவியல் என்பதா, நம்பிக்கை என்பதா?

பிரார்த்தனையையும் ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். 2006ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரில் ஒரு பகுதியினருக்காக முன்பின் தெரியாதவர்கள் பிரார்த்தனை செய்தார்கள். சிக்கல்கள் குறையவில்லை. நமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தன. இதைவைத்து நம்பிக்கையே வீண் என்று முடிவு கட்ட எனக்கு மனம் வரவில்லை. மருந்து செய்ய வேண்டிய வேலையைப் பிரார்த்தனையிடம் ஒப்படைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் இறங்கிவிட்டால், சரியான ஆன்டிபயாடிக் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "வேண்டிக்கிட்டு அப்புறம் போகலாம்னு இருந்தோம்" என்று சொல்லி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை, தாங்க முடியாத வருத்தம்தான். தயவுசெய்து ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டு வேண்டிக்கொள்ளுங்கள். உள்ளே வந்ததும், நோயாளிக்கு எந்த வழிபாடு முக்கியம், யாரைப் பார்த்தால் அமைதியடைவார், எந்தச் சிகிச்சையில் உங்களுக்குத் தயக்கம் என்பதை முதல் நாளே எங்களிடம் சொல்லிவிடுங்கள். கிண்டல் செய்வார்களோ என்று மறைக்க வேண்டாம்.

எங்கள் பக்கமும் தவறு உண்டு. "அற்புதம் நடக்கும் டாக்டர்" என்று யாராவது சொன்னால், முன்பெல்லாம் நான் ஸ்கேனை இன்னொரு முறை எடுத்துக் காட்டுவேன். இப்போது கேட்கிறேன்: "அற்புதம்னா நீங்க எதைச் சொல்றீங்கம்மா?"

புற்றுநோய் முற்றியிருந்த ஒருவரின் மகளிடம் அப்படித்தான் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்பாவுக்கு வலி இருக்கக் கூடாது. தம்பி வந்து சேர்ற வரைக்கும் இருக்கணும்" என்றார்.

வலிக்கு மார்ஃபின் இருந்தது. அளவைச் சரிசெய்தோம், இரவு முழுக்க அவர் முனகவில்லை. தம்பி வந்து சேர்வதற்கு என்னிடம் மருந்து கிடையாது என்று சொன்னேன். "அதை நான் பாத்துக்கறேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தம்பி மறுநாள் காலை வந்தார். அப்பா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.