20 என்று மட்டும் எழுதினால் போதுமா?

முதன்முதலாக ஒரு ஷாஃப்ட் (சுழலும் உருளைத் தண்டு) லேத்தில் கடைந்து வாங்கியபோது, டிராயிங்கில் விட்டம் 20 என்று மட்டும் போட்டுக் கொடுத்திருந்தேன். வந்ததை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தால் 19.92 மில்லிமீட்டர். 20 மில்லிமீட்டர் விட்டத் துளையுள்ள பேரிங்கை மாட்டினால் தானாக வழுக்கி உள்ளே போய், விரலால் தொட்டாலே லொடலொடவென்று ஆடியது. கடைந்தவர் மேல் தப்பே இல்லை. டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடலாம் குறையலாம் என்ற வரம்பு, எழுதாத அளவுகளுக்குப் பல பட்டறைகள் ஐஎஸ்ஓ 2768 தரநிலையின் நடுத்தர வகுப்பை எடுத்துக்கொள்ளும். அதில் 6-க்கு மேல் 30 மில்லிமீட்டர் வரையுள்ள அளவு 0.2 கூடலாம், 0.2 குறையலாம். அதாவது 19.8 முதல் 20.2 வரை எது வந்தாலும் நான் கேட்டதுதான் வந்திருக்கிறது.

பேரிங் உட்காரும் இடத்தில் நான் எழுதியிருக்க வேண்டியது 20 கே6. பார்க்கச் சின்னக் குறிதான், ஆனால் ஷாஃப்ட் 20.002-க்கும் 20.015-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று அது சொல்லிவிடுகிறது. சாதாரண பேரிங்கின் துளை 20-க்குச் சரியாகவோ அதைவிட 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை சிறியதாகவோ இருக்கும். அதனால் எந்த ஷாஃப்டை எந்த பேரிங்கில் போட்டாலும் லேசாக இறுகும். ஷாஃப்டுக்குக் கே6 விடும் இந்த 13 மைக்ரான் வரம்பு ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

சரி, அப்படியானால் எல்லா அளவுக்கும் இப்படியே எழுதிவிடலாமே என்று தோன்றும். எழுதாதீர்கள். அந்த 13 மைக்ரானுக்குள் நிற்க, கடைசல்காரர் கடைசிச் சீவலை மிக மெல்லியதாக எடுக்க வேண்டும், நிறுத்தி அளக்க வேண்டும், சூடான ஜாப் (கடையும் துண்டு) ஆறும்வரை காத்திருக்கவும் வேண்டும். அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸில் எடுத்ததாகத்தான் உலகம் முழுக்கக் கணக்கு. 100 மில்லிமீட்டர் அலுமினியத் துண்டு அதைவிட 10 டிகிரி சூடாக இருந்தால் சுமார் 23 மைக்ரான் நீண்டிருக்கும், சூட்டோடு அளந்து சரி என்று எடுத்து வைத்தது மறுநாள் அளவில் குறைந்து நிற்கும். இந்த மெனக்கெடலுக்கெல்லாம் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். இன்னொரு பாகத்தோடு சேரும் இடங்களுக்கு மட்டும் டாலரன்ஸை இறுக்குங்கள், காற்றில் நிற்கும் முகங்களை விட்டுவிடுங்கள்.

அளவை விட எனக்கு முக்கியமாகப் படுவது, ஜாப்பை எத்தனை முறை கழற்றி மாட்டுகிறார்கள் என்பது. ஜாப்பைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் ஒரே பிடியில் கடையும் விட்டங்கள் எல்லாம் ஒரே அச்சில் சுழன்றுதான் உருவாகின்றன, அதனால் அவற்றின் மையங்கள் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்று அமைந்துவிடும். திருப்பிப் பிடித்தவுடன் அந்த உறவு அறுந்துவிடும், சாதாரண மூன்று தாடை சக்கில் சில நூறாவது மில்லிமீட்டர் மையம் தள்ளிப் போவது சகஜம். இரண்டு பேரிங் இருக்கைகள் ஒரே அச்சில் இருந்தாக வேண்டும் என்றால் அதை டிராயிங்கில் சொல்லிவிடுங்கள். சொன்னால் கடைசல்காரர் இரு முனைகளிலும் சென்டர் போட்டு (மையக் குழியிட்டு, அதில் கூர்முனையால் தாங்கி), ஒரே பிடியில் இரண்டையும் கடைந்துவிடுவார். நீங்கள் அனுப்பும் ஸ்டெப் என்ற முப்பரிமாண ஃபைலில் வடிவம் இருக்கும், ஆனால் எது எதோடு சேர்கிறது என்ற செய்தி பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் முப்பரிமாண ஃபைலோடு ஒரு டிராயிங்கும் சேர்த்து அனுப்பச் சொல்கிறேன்.

அப்புறம் மில்லிங், அதாவது சுழலும் டூலால் வெட்டி எடுப்பது. சதுரத் தகடு ஒன்று உள்ளே உட்கார வேண்டும் என்று கூர்மையான உள்மூலைகளோடு பள்ளம் வரைந்துவிடுகிறோம். வெட்டுகிற எண்ட் மில் சுழலும் உருளை, 6 மில்லிமீட்டர் டூல் என்றால் பள்ளத்தின் மூலையில் 3 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைவு நின்றே தீரும். அந்த வளைவைக் குறைக்க ஒல்லியான டூல் வேண்டும், பள்ளம் ஆழமாக இருந்தால் அது நீளமாகவும் இருக்க வேண்டும். ஒரே விசையில் டூலின் நீளம் இரட்டிப்பானால் வளைவது 8 மடங்கு, விட்டம் பாதியானால் 16 மடங்கு. வளைந்த டூல் அதிர்ந்து சுவரில் வரிவரியாகத் தடம் விடும், உடைந்தும் போகும், அதனால் மெதுவாகத்தான் ஓட்ட முடியும். தகடு முட்டாமல் இருந்தால் போதும் என்றால், மூலையில் பள்ளத்தை நாய்க்கு வீசும் எலும்பின் முனை போலக் கொஞ்சம் வெளியே குடைந்துவிடச் சொல்லுங்கள். தகட்டின் மூலை அதற்குள் போய்விடும், சின்ன டூலே தேவைப்படாது.

உலோகத்தின் பெயரையும் முழுசாக எழுதுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று மட்டும் எழுதினால் 303 என்ற ரகமும் வரலாம், 304-ம் வரலாம். 303-ல் கந்தகம் கூடுதலாக இருப்பதால் சீவல் உடைந்து உடைந்து விழும், கடைவது சுலபம், ஆனால் வெல்டிங்குக்கு ஆகாது, துருவைத் தாங்குவதிலும் 304-க்குக் கீழேதான்.

பூச்சு இருந்தால் அதுவும் அளவுக்குள் வரும் விஷயம். அலுமினியத்தில் 50 மைக்ரான் கெட்டியான அனோடைசிங் (மின்சாரத்தால் வளர்க்கும் ஆக்சைடு பூச்சு) போட்டால் ஏறக்குறைய பாதி உலோகத்துக்குள் போய் மீதி வெளியே வளரும். சுவருக்கு 25 மைக்ரான் என்றால் துளையின் விட்டத்தில் 50 மைக்ரான் குறைந்துவிடும், அதில் கச்சிதமாக இறங்கிக்கொண்டிருந்த உருளை முளை பூச்சுக்குப் பிறகு வாயிலேயே நின்றுவிடும். டிராயிங்கில் போட்ட அளவு பூச்சுக்கு முன்பா பின்பா என்று அதன் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், சின்ன மரைத் துளைகள் இருந்தால் அவற்றை அடைத்துவிட்டுப் பூச்சு போடச் சொல்லுங்கள்.